வன்னிக் காட்டு ஓவியத்தை வாசிப்பது எப்படி: ஒளி, பொழுது, உணர்வு

காட்டையும் குளத்தையும் தீட்டிய ஓவியத்தின் முன்னால் நிற்கும் ஒருவரிடம் "இந்தப் படம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சொல்லில் பதில் வரும்: அமைதி, சோகம், தனிமை, அழகு. சித்திரப் பாடத்துக்கு இரசனைக் குறிப்பு எழுதும் மாணவர்களும் இந்த நான்கில் ஒன்றைத்தான் முதல் வரியில் எழுதுகிறார்கள். அதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்காமல் தவிக்கிறார்கள். அவர்களுடைய கண்ணில் குறையில்லை. கடைசியில் வரவேண்டிய கேள்வியை அவர்கள் முதலில் கேட்டுவிடுகிறார்கள்.

ஒரு நிலக்காட்சியிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை: இது எந்த மாதம்? எத்தனை மணி? காற்று எங்கிருந்து வீசுகிறது? குளம் நிரம்பிக்கொண்டிருக்கிறதா, வற்றிக்கொண்டிருக்கிறதா? இவற்றுக்கு விடை கண்டபின் உணர்வைத் தேடினால் போதும். தமிழுக்கு இந்த வரிசை புதிதும் அல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னே வைக்கிறது. மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருளாக அடுத்து வருகின்றன. காத்திருப்பு, பிரிவு, ஏக்கம் போன்றவை உரிப்பொருள். கவிதைக்குச் சொன்ன இந்த ஒழுங்கு ஓவியத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

இலங்கையின் வடக்கே, வன்னியில் வாழ்பவருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒட்டுசுட்டானின் காட்டு விளிம்பில் காலையில் புறப்பட்டால் முத்தையன்கட்டுக் குளத்தையும் அதன் கீழுள்ள வயல்களையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். முல்லை, மருதம், நெய்தல் மூன்றின் வெளிச்சமும் ஒரே நாளில் கண்ணில் படுகின்றன. ஆனாலும் திணைப் பட்டியலை மனப்பாடமாகப் பொருத்திவிடாதீர்கள். பட்டியலின்படி ஆவணியும் புரட்டாதியும் கார்காலம். வன்னியில் புரட்டாதி வறட்சியும் புகையுமான மாதம். பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்கிறது. முறையைப் பழைய நூலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கை நீங்கள் நிற்கும் மண்ணிலிருந்து எடுங்கள்.

படி 1: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

ஓவியத்திலிருந்து சில அடிகள் பின்னால் போய், கண்ணிமைகளை அரைவாசி மூடிக்கொண்டு பாருங்கள். இலை, கிளை, பறவை எல்லாம் மறைந்து மூன்று நான்கு திட்டுகள் மட்டும் எஞ்சும். எது மிகக் கருமையானது, எது மிக வெளிச்சமானது, இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியர் உங்கள் கண்ணை முதலில் இழுக்க நினைத்த இடம் பெரும்பாலும் அந்தத் தொடும் இடம்தான். பெரிய இருட்டுக்குள் கையகல வெளிச்சம் இருக்கும் படமும், பெரிய வெளிச்சத்தின் ஓரத்தில் கீற்றாக இருட்டு இருக்கும் படமும், இரண்டிலும் அதே காடு இருந்தாலும், வெவ்வேறு விதமாகப் பேசும்.

இதற்கு ஒரு நிமிடம் போதும். அடுத்த படியில்தான் பொறுமை வேண்டும்.

படி 2: நிழலைப் பிடித்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

சூரியன் படத்துக்குள் இல்லாவிட்டாலும் நிழல் இருக்கும். அது எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம், விளிம்பு கூர்மையானதா கரைந்ததா என்று பாருங்கள்.

வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் மாதக் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருங்கிவிடும். மார்கழியிலோ உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 10 மீற்றர் உயரமான பாலை மரம் 6 மீற்றருக்கு மேல் வடக்கு நோக்கி நிழல் வீழ்த்தும். ஆனியில் நண்பகல் நிழல் சிறிதளவு தெற்கே திரும்பும். நடுப்பகல் வெயில் என்று நமக்குத் தோன்றும் ஓர் ஓவியத்தில் நிழல் மரத்தைவிட நீண்டு கிடந்தால், ஓவியர் தன் ஊரைப் பார்த்து வரையவில்லை என்று சந்தேகிக்கலாம். 50 பாகையை அண்டிய ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலச் சூரியன் நாள் முழுவதும் தாழ்வாகவே ஊர்ந்து போகும். அங்கே நண்பகலிலும் நீண்ட நிழல் இயல்பு. நாட்காட்டிப் படங்களின் வழியாக அந்த வெளிச்சம் நம் பிள்ளைகளின் தாள்களுக்கும் வந்துவிட்டது. இரண்டு மலைகளுக்கு நடுவில் சூரியன் எழும் படத்தை வன்னிப் பிள்ளைகளும் வரைகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை இல்லை. காட்டின் தலைகள் ஒரே மட்டமாக வானத்தைத் தொடும் நீண்ட கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டை வரையப் பழகிய பிள்ளை வேறெங்கும் கிடைக்காத ஒரு படத்தை வரையும்.

அந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடுகிறது. வட நாடுகளின் கோடைகாலத்தில் அந்தி வெளிச்சம் நெடுநேரம் தங்கும். ஓவியர் முக்காலியில் அமர்ந்து நிதானமாகத் தீட்டலாம். வன்னியின் அந்தியை நேரில் தீட்டுபவருக்கு அந்த அவகாசம் இல்லை. தூரிகை வேகமாக ஓடிய தடம், சரியாகக் கலக்காத இரண்டு நிறம், முடிக்காமல் விட்ட ஒரு மூலை ஆகியவற்றைக் கண்டால் அவை நேரில் நின்று தீட்டியதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அவசரமும் படத்தின் உணர்வில் ஒரு பங்கு.

இனி நிழலின் நிறத்தைப் பாருங்கள். வெயில் படாத இடத்துக்கும் வானத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. அதனால் தெளிந்த நாளில் நிழல் நீலம் கலந்திருக்கும். கிறவல் வீதியில் விழும் நிழல் அந்த நீலமும் செம்மண்ணும் சேர்ந்து ஊதாவும் மண்நிறமுமாகத் தெரியும். வெயில் பட்ட செம்மண் தன் சிவப்பை மேலே எறிவதால், வீதியோர மரத்தண்டின் அடிப்பக்கமும் தாழ்ந்த இலைகளின் கீழ்ப்புறமும் இளஞ்சிவப்புக் காட்டும். பச்சை வயலுக்கு மேல் தாழப் பறக்கும் கொக்கின் வயிற்றில் மெல்லிய பச்சை படிந்திருக்கும். இவற்றைக் கண்டு தீட்டிய ஓவியர் நிழலுக்கு வெறும் கறுப்பைப் பூசமாட்டார். கறுப்பு நிழல்கள் நிறைந்த ஓவியத்தைத் தரங்குறைந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அது வேண்டுமென்றே செய்த தெரிவா, பார்க்காமல் செய்த பழக்கமா என்ற கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மாதத்தைக் கண்டுபிடியுங்கள்

தூரத்துக் காட்டின் நிறம் இதற்கு முதல் சாட்சி. காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் தூரத்துப் பொருட்கள் நீலம் பூசித் தெரியும். புகையிலும் தூசியிலும் உள்ள பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கும். அப்போது தூரம் வெளிறி, சாம்பலாகிவிடும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியிலும், காடு வெட்டிய சேனைகளுக்குத் தீ வைக்கும் புரட்டாதியை ஒட்டியும், வன்னியின் தூரம் அப்படித்தான் இருக்கும். மழை கழுவிவிட்ட பின் தை மாதக் காலையில், பனி விலகியதும், அதே காட்டு விளிம்பு கரும்பச்சையாக, கிட்ட வந்து நிற்பதுபோல் தெளியும்.

தண்ணீர் அடுத்த சாட்சி. மாரி தொடங்கியதும் குளத்துக்கு வரும் நீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து கலங்கியிருக்கும். மாசி, பங்குனியில் தெளிந்திருக்கும். ஆவணியில் அலைகரை விரிந்து, சேறு வெடித்து, யானையின் கால்தடம் காய்ந்த குழிகளாக நிற்கும். தண்ணீரில் விழும் பிம்பத்தையும் கவனியுங்கள். வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிடச் சற்று மங்கலாகவும், கருமையான பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் இருக்கும். சோளகக் காலத்துப் பிற்பகலில் குளம் கண்ணாடிபோல் கிடக்காது. காற்று பிம்பத்தைக் கிடைக்கோடுகளாக உடைத்துவிடும்.

மூன்றாவது சாட்சி வானம். ஆங்கிலேய ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் இலண்டனுக்கு அருகிலுள்ள ஹம்ப்ஸ்டெட்டில் முகில்களை மட்டுமே தனிப் படங்களாகத் தீட்டினார். பலவற்றின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவைத்தார். முகிலுக்கும் ஒரு பொழுது உண்டு என்பதை அவர் அவ்வளவு மதித்தார். ஐப்பசிப் பிற்பகலில் வன்னியில் எழும் இடிமுகில் கோபுரம்போல் உயர்ந்து அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வானம் முழுவதும் ஒரே சாம்பல் விரிப்பு, நிழலே விழாது.

இந்த நிழலில்லாத சாம்பல் வெளிச்சத்தைத்தான் பலர் தவறாக வாசிக்கிறார்கள். சாம்பல் என்றாலே சோகம் என்று எழுதிவிடுகிறார்கள். வெயிலின் பளபளப்பு இல்லாதபோது இலையின் பச்சை ஆழமாகத் தெரியும்; நனைந்த மண் கருஞ்சிவப்பாகும்; ஓடை ஓரத்து மருதமரத்தின் வெளிர்ந்த பட்டை ஒளிவிடும். மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் விவசாயிக்கு அது ஆண்டின் மிக நல்ல வெளிச்சம். அதே சாம்பல் அளவு மீறினால் பயமாகவும் மாறும்: 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது வானம் இதே நிறத்தில்தான் இருந்தது. நிம்மதியா அச்சமா என்று தீர்மானிக்க, ஓவியர் தண்ணீரை எதுவரை ஏற்றியிருக்கிறார் என்று பாருங்கள். குளக்கட்டின் விளிம்புக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்பதே விடை.

படி 4: காட்டுக்குள் நுழைந்தால்

வெட்டையிலிருந்து காட்டைப் பார்க்கும் படத்துக்கும் காட்டுக்குள் நின்று தீட்டிய படத்துக்கும் வெளிச்சத்தின் விதியே வேறு. வன்னியின் காட்டில் பாலை, வீரை, கருங்காலி போன்றவை கோடையிலும் இலையோடு நிற்பவை. முதிரை உலர்காலத்தில் இலை உதிர்க்கும். அதனால் ஆவணிக் காட்டுக்குள்ளும் முழு வெயில் இறங்காது, சில இடங்களில் மட்டும் மேலே திறந்துவிடும்.

தரையில் விழும் ஒளிப்பொட்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலை இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாகவே விழும். ஒவ்வொரு சிறு இடைவெளியும் சூரியனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்துகிறது. 2019 டிசம்பர் 26 அன்று வட மாகாணத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரங்களின் கீழ்ப் பார்த்தவர்கள் வளைய வளையமாக ஒளி விழுந்திருந்ததைக் கண்டிருப்பார்கள். சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் வட்டங்கள் நீள்வட்டமாகும். ஆகவே காட்டுக்குள் தீட்டிய படத்தில் பொட்டுகளின் வடிவம்தான் கடிகாரம். பொட்டுகளின் விளிம்பு மென்மையாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். மேலே விதானம் உயரமாக உயரமாக அந்த மென்மை கூடும். ஒளிப்பொட்டைக் கூரான வெள்ளைத் துண்டுகளாகத் தெளித்திருந்தால் காட்டின் உயரம் படத்தில் இல்லாமற்போய்விடும்.

படி 5: இது யாருமில்லாத காடா?

அமெரிக்க ஓவியர் தோமஸ் கோல் 1836இல் தீட்டிய 'ஒக்ஸ்போ' இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் முறிந்த மரமும் புயல்மழையுமாகக் காடு. வலப்பக்கம் வெயிலில் குளித்த வயல்கள். நடுவில் ஆறு வளைந்தோடுகிறது. கீழே மிகச் சிறிய உருவமாக ஓவியரே அமர்ந்திருக்கிறார். காடும் வயலும் எதிரெதிரானவை, ஒன்று போனால்தான் மற்றது வரும் என்ற அந்த நாட்டின் எண்ணம் அந்தப் பிரிப்பில் தெரிகிறது.

வன்னியை அந்தக் கண்ணால் வாசித்தால் பிழையாகிவிடும். இங்கே காடு முன்னர் ஊராக இருந்திருக்கிறது, ஊர் மறுபடி காடாகியிருக்கிறது. அடர்காட்டுக்குள் ஒரு புளியமரமும் இரண்டு இலுப்பையும் தீட்டப்பட்டிருந்தால் அங்கே முன்பு மனிதர் குடியிருந்திருக்கலாம் என்று நினையுங்கள். மரங்கள் மெல்லிய வளைவாக, மேட்டின்மேல் வரிசைப்பட்டு நின்றால் அது உடைந்துபோன பழைய குளக்கட்டாக இருக்கலாம். பனை இருந்தால் நட்ட கையும் இருந்திருக்கும்.

2009இல் போர் முடிந்தபின் தீட்டப்பட்ட வன்னி ஓவியங்களில் வேறு சில கருப்பொருட்களும் சேர்ந்துவிட்டன. எறிகணை கொய்த தலையில்லாத பனைகள், மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடிப் பலகை, பற்றைக்குள் தெரியும் கூரையில்லாத சுவர். இவற்றில் ஒன்று படத்தின் ஓரத்தில் சிறிதாக இருந்தாலும் முழு வெளிச்சத்தின் பொருளும் மாறிவிடுகிறது. ஒரு காட்டின் நிசப்தம் வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஓய்வாகப் படலாம். அந்தக் காட்டு வழியே பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு இடம்பெயர்ந்தவருக்கு அப்படிப் படாது. இரண்டு வாசிப்பையும் எழுதுங்கள். எது யாருடையது என்றும் சேர்த்து எழுதுங்கள். ஓவியத்தில் அத்தகைய தடயம் எதுவுமே இல்லாதபோது, வன்னி என்ற ஒரே காரணத்துக்காகப் போரை அதற்குள் தேடிப் போகவும் வேண்டாம். இந்த மண்ணில் மயிலும் தாமரையும் தங்களுக்காகவே தீட்டப்படும் உரிமையுடையவை.

படி 6: இப்போது உணர்வுக்கு வாருங்கள்

உணர்வு ஓவியரின் தெரிவுகளில் இருக்கிறது. அடிவானம் மேலே இருந்தால் நிலம் நம்மை இழுக்கும். கீழே இருந்தால் வானம் நம்மேல் கவியும். விளிம்புகள் கரைந்தால் தூரமும் நினைவும், கூர்ந்தால் அண்மையும் விழிப்பும் தோன்றும். என்ன இருக்கிறது என்பதோடு எதை நீக்கியிருக்கிறார் என்பதும் முக்கியம். ஜேர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1808க்கும் 1810க்கும் இடையில் தீட்டிய 'கடலோரத் துறவி'யில் ஒரு சிறு மனிதனும் வெறுங்கரையும் கடலும் பெருவானமும் மட்டுமே உள்ளன. முதலில் அவர் அதில் கப்பல்களையும் வரைந்திருந்தார், பின்னர் அவற்றை மூடித் தீட்டிவிட்டார் என்பது ஆய்வுப் படமெடுப்பில் தெரியவந்தது. கப்பல் இருந்திருந்தால் அந்த மனிதன் யாருக்கோ காத்திருப்பவனாகியிருப்பான். இப்போது அவனுக்கு எதிரே எதுவும் இல்லை.

எல்லாப் படிகளும் எப்படிச் சேர்கின்றன என்பதை ஒரு படத்தில் பார்ப்போம். எங்கள் பாடசாலை மண்டபத்தில் பழைய மாணவர் ஒருவர் தீட்டிய எண்ணெய் வர்ண ஓவியம் தொங்குகிறது. பெயர் எழுதாத ஒரு குளம். அடிவானம் தாழ்ந்திருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு வானம். தட்டையான கரிய அடியுடன் பெரிய முகில். அதற்கும் காட்டுக்கோட்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மஞ்சள் வெளிச்சம், வலப்பக்கம் கூடுதலாக. தண்ணீர் மண்நிறம். அதில் பட்டுப்போன மரங்கள் இடுப்பளவு மூழ்கி நிற்க, ஒன்றில் நீர்க்காகம் சிறகை விரித்திருக்கிறது. இடப்பக்கம் குளக்கட்டு, கட்டின் புல்நுனிகளில் மட்டும் பொன். கட்டிலுள்ள மருதமரத்தில் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கிறது. ஆள் இல்லை.

முதலில் பார்க்கும் மாணவர்கள் ஏறத்தாழ எல்லோரும் "சோகம்" என்கிறார்கள். கரிய முகில், பட்ட மரம், கைவிட்ட சைக்கிள். சரி, படிகளின்படி போவோம். கட்டின் வலச்சரிவில் வெளிச்சம், நிழல்கள் இடப்பக்கம் நீண்டு விழுகின்றன. கோபுரமுகில் எழுவது பிற்பகலில் என்பதால் இது காலையல்ல, மாலை. அப்படியானால் வலப்பக்கம் மேற்கு, நாம் தெற்கே பார்க்கிறோம். தண்ணீர் கலங்கியிருப்பதால் புதுவெள்ளம் வந்திருக்கிறது. பட்ட மரங்களின் தண்டில் நீர்மட்டத்துக்கு மேலே பழைய ஈரக்கறை எதுவும் இல்லை. குளம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக, ஐப்பசிக் கடைசி, மாலை ஐந்தரை மணியளவு. ஐப்பசியில், இந்த நேரத்தில், சைக்கிளைக் கட்டில் விட்டுவிட்டு ஒருவர் எங்கே போயிருப்பார்? கட்டுக்குக் கீழே வயலுக்கு. வரம்பு கட்டவோ விதைத்ததைப் பார்க்கவோ போயிருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் மழை வரும், அதற்கு முன் அவர் ஏறி வருவார். இந்த இடத்துக்கு வந்ததும் மாணவர்கள் தாங்களாகவே சொல்லை மாற்றிக்கொள்கிறார்கள். "எதிர்பார்ப்பு" என்றாள் ஒருத்தி. "அவசரமில்லாத அவசரம்" என்றான் இன்னொருவன். முல்லைக்குரிய மாலைப்பொழுதும், பொறுத்துக் காத்திருக்கும் 'இருத்தல்' என்ற உரிப்பொருளும் வன்னியின் ஒரு குளக்கட்டில் அப்படியே கிடைத்துவிட்டன, அதுவும் ஒரு மனித முகமும் இல்லாமல்.

அந்தப் படத்தில் சைக்கிளைக் கையால் மறைத்துப் பாருங்கள். காட்சி முழுவதும் மழைக்கு உரியதாகிவிடும். கையை எடுங்கள், மனிதர் திரும்பி வருவார். எந்த ஓவியத்திலும் இந்தக் கைச்சோதனையைச் செய்யலாம். ஒன்றை மறைத்தும் உணர்வு மாறவில்லையென்றால் அது அலங்காரத்துக்கு வைத்தது.

எழுதும்போதும் பிரதியைப் பார்க்கும்போதும்

குறிப்பை இதே ஒழுங்கில் எழுதுங்கள். மாதமும் நேரமும் முதலில், ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்தே ஒரு சாட்சி. பின்னர் மரம், பறவை, மனிதத் தடயம். ஓவியரின் தெரிவுகளில் உங்களைத் தொட்ட இரண்டை விரிவாகச் சொல்லுங்கள். உணர்வுச் சொல் கடைசி வாக்கியத்துக்கு வரட்டும். முன்னே எழுதியவை அந்தச் சொல்லைத் தாங்கவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள், சாட்சிகளை மாற்றாதீர்கள்.

நம்மில் பெரும்பாலானோர் கோலையும் கொன்ஸ்டபிளையும் கைபேசித் திரையில்தான் பார்க்க முடிகிறது. அருங்காட்சியகங்களின் சொந்த இணையத்தளங்களில் உள்ள பெரிய பிரதிகளைத் தேடி எடுங்கள். பகிர்ந்து பகிர்ந்து வந்த படங்களில் நிறம் ஏற்றப்பட்டிருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருக்கும். ஓவியத்தின் அளவையும் பாருங்கள், ஆளுயரப் படமும் உள்ளங்கை அளவுப் படமும் திரையில் ஒன்றாகவே தெரியும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி கைபேசியில் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் காலையில் தீட்டிய காட்டை மாலை என்று எழுதிவிடுவீர்கள்.